தனியா வாசிச்சா சுத்தம், சேர்ந்தா ஒட்டல: ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது வரும் கோளாறுகள்

வியாசர்பாடியில் கானாவுக்குச் சேரும் டோலக்கும் கீபோர்டும், ராயபுரத்தில் ஞாயிறு ஆராதனைக்குச் சேரும் கிட்டாரும் கீபோர்டும், திருவொற்றியூரில் வயலினும் மிருதங்கமும்: வாத்தியம் வேறானாலும் கோளாறு ஏறக்குறைய ஒன்றுதான். சுருதி, காலம், இடம், சத்தம் என்ற நாலில் ஏதோ ஒன்று கெட்டிருக்கும். எது என்று பார்க்காமல் "இன்னொரு தபா மொதல்லேர்ந்து" என்று ஆரம்பிப்பதில்தான் சாயங்காலம் முழுக்கப் போகிறது. தப்போடு பத்து தடவை வாசித்தால் தப்புதான் கைக்குப் பழகும்.

அதனால் முதலில் ஒரு பதிவு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, இருவருக்கும் சம தூரத்தில், ஆறு அடி தள்ளி ஒரு ஸ்டூலில் மடித்த துண்டின் மேல் வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் டோலக்கின் அதிர்வு ஸ்டூல் வழியாகவே மைக்கில் ஏறும். ஒரு பாட்டை நடுவில் நிறுத்தாமல் வாசியுங்கள். பிறகு வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். கையில் வாத்தியம் இருந்தால் காது தன் பகுதியை மட்டும்தான் தேடும். கீழே எந்த அறிகுறி பொருந்துகிறதோ அங்கே போகலாம். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் சுருதியை முதலில் பாருங்கள். அது சரியாகாதவரை மற்றது எதுவும் காதில் தெளிவாக விழாது.

சுரம் சரிதான், ஆனா காதுல குத்துது

இருவரும் 'சா' மட்டும் நீட்டிப் பிடியுங்கள். கேட்பது இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒலி 'வவ்... வவ்...' என்று அலை அலையாக ஏறி இறங்கினால் வித்தியாசம் சின்னது. ஒருவர் 440 ஹெர்ட்ஸ், மற்றவர் 442 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இரண்டு அலை கேட்கும். அலை மெதுவாகி நிற்கிற இடம்தான் சரியான இடம். இதற்கு டியூனர் ஆப் கூட வேண்டாம், காதே போதும். ஆப்பைப் பார்த்துத்தான் சேர்ப்பேன் என்றால் இரண்டு போனிலும் 'ஏ' சுரம் 440 என்று இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் யாரோ 432 என்று மாற்றி வைத்திருந்தால் ஆளுக்கொரு சுருதியில் பச்சை விளக்கு எரியும். எலெக்ட்ரானிக் கீபோர்டின் சுருதி தானாக நகராது, ஆகவே கிட்டாரும் வயலினும்தான் அதற்கு வர வேண்டும். பழைய ஆர்மோனியம் இருந்தால் கதை தலைகீழ். அதை உட்கார்ந்த இடத்தில் திருத்த முடியாது, கீபோர்டின் 'மாஸ்டர் டியூன்' அமைப்பை ஆர்மோனியத்துக்கு நகர்த்துங்கள். கிட்டாரில் சுரம் மேலே போய்விட்டால் கம்பியை நன்றாக இறக்கி, கீழிருந்து ஏற்றிச் சேருங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் இரண்டாவது பாட்டிலேயே நழுவிவிடும்.

அலை இல்லை, ஆனால் சுத்தமாக வேறு சுரம் கேட்கிறது என்றால் கீபோர்டில் கட்டைகளின் சுருதியை மொத்தமாக நகர்த்தும் டிரான்ஸ்போஸைப் பாருங்கள். போன பாட்டுக்குப் போட்ட +2 அப்படியே இருக்கும். டியூனரை ஓடவிட்டு 'சி' கட்டையை அழுத்துங்கள், 'சி' காட்ட வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டிரான்ஸ்போஸை 0-க்குக் கொண்டுவருவதைக் கீபோர்டுக்காரர் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தத் தலைவலி திரும்ப வராது.

மூன்றாவது வகை பேச்சில் வரும் குழப்பம். பாடுபவர் "ரெண்டரைக் கட்டை" என்கிறார், கிட்டார்காரருக்கு 'டி ஷார்ப்' என்றால்தான் புரியும். வெள்ளைக் கட்டைகளை 'சி'யிலிருந்து எண்ணுங்கள்: 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் கிடையாது. யாராவது "மூணரை" என்றால் கீபோர்டில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கிட்டாரில் 1½ கட்டைக்கு முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு 'சி' கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கலாம். 2½-க்கு அதே முதல் ஃபிரெட்டில் 'டி' கார்டு, 4½-க்கு இரண்டாவது ஃபிரெட்டில் 'ஈ' கார்டு, 5½-க்கு முதல் ஃபிரெட்டில் 'ஜி' கார்டு.

இன்னொரு நுணுக்கமான தப்பு: 'சி மேஜர்', 'ஏ மைனர்' இரண்டுக்கும் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான். ஒருவர் "சி ஸ்கேல்" என்று சொல்லிவிட்டு மனதில் 'ஏ மைனர்' வைத்திருப்பார். டோலக்காரர் 'சி'க்கு மூட்டிவிடுவார், அதாவது தோலைச் சுருதி சேர்த்துவிடுவார். சுரம் எதுவும் தப்பாகாது, ஆனால் பாட்டு வீடு திரும்பாத மாதிரியே இருக்கும். ஸ்கேல் பேரைக் கேட்காதீர்கள். "கடைசி வரி எந்தச் சுரத்துல உட்காருது?" என்று கேளுங்கள்.

டோலக் சாயங்காலமானா இறங்குது

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் தோல் ஈரம் வாங்கித் தளரும், சுருதி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். வாசிக்கும் இடத்துக்கு அரை மணி முன்னால் வந்து, டோலக்கை உறையிலிருந்து எடுத்துக் காற்றில் வையுங்கள். வந்த உடனே மூட்டினால் பத்து நிமிஷத்தில் மறுபடி மூட்ட வேண்டிவரும்.

கயிறு டோலக்கில் வளையங்களை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் தோல் கோணி, விளிம்பில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சுரம் வரும். போல்ட் டோலக்கிலும் அதே முறைதான், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சின்னப் பக்கத்தைப் பாட்டின் 'சா'வுக்கோ 'பா'வுக்கோ சேருங்கள். 'சா'வுக்கு இழுத்தால் தோல் அளவுக்கு மீறி இறுகும் போலிருந்தால் 'பா'வில் நிறுத்திக்கொள்ளலாம், உறுத்தாது. டேப்பு என்ற தோல்வாத்தியத்துக்கு நெருப்பு காட்டுவது போல டோலக்குக்குக் காட்டாதீர்கள். பெரிய பக்கத்தில் உள்ளே பூசிய மசாலா இளகினால் 'கும்' என்ற அடியே போய்விடும். சின்னப் பக்கம் மட்டும் வெயிலைப் பார்க்கும்படி ஐந்து நிமிஷம் வைத்தால் போதும்.

ஸ்பீடு ஏறிக்கிட்டே போகுது

அதிகம் வருவது இதுதான். இருவரும் அடுத்தவரைத்தான் குற்றம் சொல்வார்கள். சண்டை வேண்டாம், அளக்கலாம்.

பதிவில் பல்லவி தொடங்கும் இடத்தில் 16 அடி எண்ணி எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். முதல் அடியில் அழுத்தி, பதினேழாவது அடியில் நிறுத்த வேண்டும். 960-ஐ அந்த நொடியால் வகுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்பது வந்துவிடும். பத்து நொடி என்றால் 96. பாட்டின் கடைசியில் அதே 16 அடி ஒன்பது நொடியில் முடிந்தால் ஏறக்குறைய 107. இந்த அளவு ஏற்றம் கேட்பவருக்கே தெரியும். மூன்று நாலு அடி வித்தியாசம் பரவாயில்லை, உயிருள்ள பாட்டு அவ்வளவு அசையும்.

அடுத்து எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். பாட்டு முழுக்கச் சீராக ஏறுவது அபூர்வம், படிபடியாகத்தான் ஏறும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் உருட்டலில் டோலக்காரர் 'திரகிட'வைக் கொஞ்சம் முந்தி முடித்துவிடுவார், 'ஒன்னு' சீக்கிரம் விழும். கீபோர்டுக்காரர் அந்தப் புது வேகத்தையே உண்மை என்று பிடித்துக்கொள்வார். அல்லது கீபோர்டின் பிட் (இடையிசை) கைக்குச் சுலபமாக ஓடும், விரல் ஓட டோலக் துரத்தும். இப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு இரண்டு அடியாகச் சேர்ந்து 107 ஆகிறது.

திருத்த மூன்று பயிற்சி:

1. ஏறும் இடத்துக்கு முன்னால் 2 ஆவர்த்தம் (தாளத்தின் முழுச் சுற்று), பின்னால் 2 ஆவர்த்தம், மொத்தம் 4 மட்டும் எடுங்கள். பாட்டு வேகத்தில் 70 சதவீதம் வையுங்கள். 120 பாட்டு என்றால் 84. மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம், அடிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை இருவரும் ஒரே மாதிரி கடக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை நின்றால் நிமிஷத்துக்கு 4 அடி ஏற்றுங்கள்.

2. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அதன் தட்டை 2, 4-ஆவது அடியாகக் கொள்ளுங்கள். 96 பாட்டுக்கு மெட்ரோனோம் 48. முதல் நாள் ஐந்து நிமிஷம் தடுமாறும். பிடிபட்ட பிறகு தட்டு காதில் விழாமல் போனால், அதாவது உங்கள் அடியிலேயே மறைந்தால், நீங்கள் சரி.

3. நாலு ஆவர்த்தம் வாசிப்பு, நாலு ஆவர்த்தம் மௌனம். மௌனத்தில் கால் மட்டும் தட்டலாம், தலையாட்டல் கூடாது, ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது. திரும்ப நுழையும்போது யார் முந்துகிறார் என்பது அப்பட்டமாகத் தெரியும். முந்துபவருக்கு முதல் இரண்டு பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்யக் கொடுங்கள்.

கீபோர்டின் ஆட்டோ ரிதம் ஓடிக்கொண்டிருக்கும்போது டோலக்கும் வாசிப்பதாக இருந்தால் கணக்கு வேறு. அது யாருக்காகவும் காத்திருக்காது. டோலக்காரருக்கு அதன் சத்தம் தன் அடியைத் தாண்டிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அதை அணைத்துவிடுங்கள். சின்ன அறையில் ஆள் வாசிக்கும்போது மிஷின் ரிதம் எதற்கு என்பதே எங்கள் கட்சி.

வேகம் குறைந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கிட்டாரிலோ கீபோர்டிலோ கார்டு மாற்றம் கைக்கு வரவில்லை. அந்த இடத்தில் முழு கார்டை விட்டுவிட்டு அந்தக் கார்டின் ஆதார சுரம் ஒன்றை மட்டும் நேரத்துக்குத் தொடுங்கள். நேரம் தவறிய முழு கார்டை விட நேரத்துக்கு வந்த ஒற்றைச் சுரம் மேல்.

ரெண்டு பேரும் சரியா எண்ணுறோம், ஆனா நொண்டுது

டப்பாங்குத்து வகைப் பாட்டில் இது வரும். ஆறு சின்ன எண்ணிக்கையை இரண்டு மூன்றாகவும் பிரிக்கலாம், மூன்று இரண்டாகவும் பிரிக்கலாம். ஒருவர் 'தகிட தகிட' என்று நினைத்து வாசிக்க, மற்றவர் 'தக தக தக' என்று அழுத்தம் கொடுக்கிறார். இருவருக்கும் ஆறு சரியாகவே முடியும், அழுத்தம்தான் வேறு வேறு இடத்தில் விழும்.

வாத்தியத்தை வைத்துவிட்டு வாயால் சொல்லிப் பாருங்கள். ஒருவர் 'தகிட தகிட' சொல்லி 1, 4-இல் கை தட்ட, மற்றவர் 'தக தக தக' சொல்லி 1, 3, 5-இல் தட்ட வேண்டும். முதல் எண்ணிக்கையில் இரண்டு கையும் ஒன்றாக விழும், 3, 4, 5-இல் இவர்-அவர்-இவர் என்று மாறி மாறி விழும். ஐந்து நிமிஷம் கழித்து ஆளை மாற்றுங்கள். இது வந்துவிட்டால், அந்தப் பாட்டில் எங்கே எது வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்ய முடியும். இது வராமல் வாத்தியத்தில் தேடிப் பயனில்லை.

எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், பிசகினாலும் இதே மாதிரி கேட்கும். பாட்டு சமத்தில் (தாளத்தின் 'ஒன்னு'வில்) ஆரம்பிக்காமல் அரை அடி தள்ளி ஆரம்பிக்கும், வாத்தியக்காரர் முதல் எழுத்தையே 'ஒன்னு' என்று எடுத்துக்கொள்வார். அதன் பிறகு வரி முழுக்க அரை அடி விலகியே நடக்கும். பாடுபவர் முதல் வரியைப் பாடிக்கொண்டே தொடையில் தாளம் போடட்டும். முதல் தட்டு எந்த எழுத்தில் விழுகிறது என்று பார்த்து, நோட்டில் அந்த எழுத்தின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். எண்ணிக் கொடுக்கும்போதும் "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு" முடிந்து அடுத்த 'ஒன்னு'வை டோலக் அடிக்க வேண்டும், பாட்டு அதன் மேல் அரை இடம் தள்ளி ஏற வேண்டும்.

நடுவுல யாரோ ஒருத்தர் தொலைஞ்சு போறாங்க

பாட்டின் அமைப்பை அரைப் பக்கத்தில் எழுதி இருவர் நடுவிலும் வையுங்கள். சுரம் வேண்டாம், ஆவர்த்தக் கணக்கு போதும்: முன்னிசை 4, பல்லவி 8, பிட் 8, சரணம் 12, பல்லவி 4. பெரும்பாலும் சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில்தான் ஆள் தொலைவது. ஒருவர் வரியைத் திருப்பிப் பாடுவதாக நினைப்பார், மற்றவர் ஒரு தடவைதான் என்று நினைப்பார்.

தொலைந்தவர் பின்னால் போய்த் தேடக் கூடாது. சுரத்தை விட்டுவிட்டு ஆதார சுரத்தையோ வெறும் அடியையோ பிடித்துக்கொண்டு அடுத்த வரியின் 'ஒன்னு'க்குக் காத்திருங்கள். தொலையாதவரும் உதவிக்காகத் தன் வேகத்தை மாற்றக் கூடாது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே: வரி முடியும் கடைசி அடியில், அதாவது 'நாலு'வில், தலையைத் தூக்கி 'ஒன்னு'வில் இறக்குவது. 'ஒன்னு'வில் தலையாட்டத் தொடங்கினால் அது ஏற்கனவே தாமதம். இதற்காக உட்காருவதும் முக்கியம். மூன்று நாலு அடி இடைவெளியில், சற்றுக் கோணலாக, கிட்டார்காரரின் வலது கை டோலக்காரருக்குத் தெரியும்படி உட்காருங்கள். பக்கத்தில் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தால் ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது.

முடிவு சிதறினால் வேறு மருந்தில்லை: கடைசி வரி மூன்று தடவை, மூன்றாவதன் 'ஒன்னு'வில் இருவரும் நிறுத்தம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கர்நாடக இசை பழகியவர்களுக்குத் தீர்மானம் (முடிவுக்கு வாசிக்கும் சொற்கட்டு) மும்முறை என்பது ஏற்கனவே கையில் இருக்கும்.

எல்லாம் கேட்குது, ஆனா கூழா இருக்கு

கீபோர்டின் இடது கையும் கிட்டாரின் தடித்த கம்பிகளும் ஒரே இடத்தில் மோதுகின்றன. கீபோர்டுக்காரர் இடது கையை எடுத்துவிட்டு நடு 'சி'க்கு மேலே மட்டும் வாசிக்கட்டும், அல்லது கிட்டார்காரர் மெல்லிய நாலு கம்பியோடு நிறுத்திக்கொள்ளட்டும். இரண்டில் ஒன்று போதும். கார்டு மோதினால் அது பெரும்பாலும் காந்தாரத் ('கா' சுரத்தின்) தகராறு, ஒருவர் மேஜர், ஒருவர் மைனர். கீபோர்டில் 'சா', 'பா' மட்டும் பிடித்துக் கிட்டாரைத் தனியாகக் கேட்டால் யார் தப்பு என்று தெரியும்.

வயலினில் கமகமும் (சுரத்தை அசைத்து வாசிப்பது) கீபோர்டில் நீட்டிப் பிடித்த கார்டும் சேராமல் போவது வேறு வகை. கமகம் அசையும் இடத்தில் கார்டு அசையாமல் நிற்கிறது. அங்கே கீபோர்டு 'சா-பா' சுருதியாக மட்டும் நிற்க வேண்டும், அல்லது வயலின் அந்தச் சுரத்தை அசைக்காமல் வாசிக்க வேண்டும். இப்படி இரு மரபிலிருந்து வருபவர்களுக்கு முதல் பாடமாக முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுக்கலாம். சங்கராபரண சுரங்கள், அதாவது மேஜர் ஸ்கேல், கமகம் இல்லாத நேர்ச் சுரங்கள், கார்டு தானாக உட்காரும். தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்டதன் விளைவு அவை. தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலின் கற்றதும் அந்த மணலி நாட்களில்தான். வடசென்னைக்காரர்கள் இந்தப் பாடத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஒருத்தர் எப்பவும் கொஞ்சம் பின்னாடியே வர்றார்

ஆளைத் திட்டுமுன் வயரைப் பாருங்கள். கீபோர்டையோ டிராக்கையோ புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கிறீர்களா? புளூடூத்தில் 0.1 முதல் 0.2 நொடி வரை தாமதம் சாதாரணம். 120 வேகத்தில் ஓர் அடி அரை நொடிதான், 0.2 என்றால் கிட்டத்தட்ட அரை அடி போய்விட்டது. ஒயர்தான் வழி. கீபோர்டின் பின்னால் உள்ள பெரிய ஓட்டைக்கு 6.35 மில்லிமீட்டர் ஜாக் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பி-38 என்று கேட்டால் கொடுப்பார்கள். வீடியோ காலில் சேர்ந்து வாசிக்கும் முயற்சியும் இதே காரணத்தால் நடக்காது. ஒருவர் மெட்ரோனோமோடு பதிந்து அனுப்ப, மற்றவர் அதன் மேல் வாசிக்கலாம்.

திருவிழா மேடையில் காற்றே தாமதம் செய்யும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 0.003 நொடி. பத்து மீட்டர் தள்ளி நின்றால் 0.03. வேகப் பாட்டில் இது உறுத்தும், நெருங்கி நில்லுங்கள்.

நான் வாசிக்கிறது எனக்கே கேட்கல

பத்துக்குப் பத்து சிமென்ட் அறையில் டோலக் எல்லாவற்றையும் முழுங்கும். டோலக்காரரின் முதுகுக்குப் பின்னால் கெட்டிப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே பாய்க்கு மேல் ஜமுக்காளம் போடுங்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு ஸ்டூலில் ஏற்றி, வாசிப்பவரைப் பார்க்காமல் அடுத்தவரைப் பார்க்கத் திருப்புங்கள். சத்தத்தைக் கூட்டுவது கடைசி வழி. ஒருவர் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார். மொட்டை மாடிக்குப் போனால் எதிரொலி போகும், ஆனால் அக்கம்பக்கம் இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை.

தப்பைச் சொன்னா மூஞ்சி சுருங்குது

வாசிப்பை நடுவில் நிறுத்தாதீர்கள். முடிந்த பிறகு ஆளுக்கு ஒன்று மட்டும், இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "ண்ணா, நீங்க ஸ்பீடா போறீங்க" என்றால் சண்டை. "ண்ணா, ரெண்டாவது சரணம் முடிஞ்சு உருட்டுறீங்களே, அங்க எனக்கு ஒன்னு கிடைக்கல, அத மட்டும் ஒரு தபா வாசிங்களேன்" என்றால் அவரே வாசித்துப் பார்த்து, "ஆமாப்பா, முந்துது" என்பார்.

'உர்ர்ர்' என்று இரைச்சல்

கீபோர்டு ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கிலும் இருந்தால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றுங்கள், பாதி கேஸ் அதோடு முடியும். மின்விசிறி ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் மாறினால் ரெகுலேட்டர்தான் காரணம். ஜாக்கைத் தொட்டு அசைக்கும்போது கரகரத்தால் ஒயரின் முனையில் பற்றவைப்பு விட்டிருக்கிறது, மாற்றுங்கள். இரைச்சல் போகிறது என்று எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிக்காதீர்கள். கிட்டார் கம்பியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.